பைலட் லைசென்ஸ்: உழைப்பாளிக்கு இரும்புக் கதவு, கம்பெனிக்கு மெழுகுக் கதவு!

வருகிற 15, 20 ஆண்டுகளில் இந்த நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று 2025ஆம் ஆண்டில் மத்திய விமானத் துறை மந்திரி கூறினார். இந்தக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பயிற்சிக் கம்பெனிகள் வலை வீசுகின்றன. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, மாதம் லட்ச லட்சமாகச் சம்பளம் என்று விளம்பரம் மின்னுகிறது.

நல்லது, விமானிகள் வரட்டும். ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். காளையார்கோவில் பஞ்சாலைத் தொழிலாளியின் மகனும், கல்லல் வயற்காட்டில் களையெடுக்கும் தாயின் மகளும் இந்த 30,000 பேரில் சேர்த்தியா, இல்லையா?

"இதெல்லாம் நமக்கு எதற்கு? ஆகாயத்தில் பறப்பது ஆண்டைகள் வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் நகர்ந்துவிடுகிறோம். தோழர்களே, இப்படி நாம் நகர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை. நகராமல் நின்று, சட்டம் என்ன சொல்கிறது, பணம் என்ன சொல்கிறது, சர்க்கார் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன கேட்கிறது?

விமானம் ஓட்டிச் சம்பாதிக்க வேண்டுமானால் சர்க்காரின் சிவில் விமானத் துறைத் தலைமை அலுவலகமான டி.ஜி.சி.ஏ. தரும் வர்த்தக விமானி லைசென்ஸ் வேண்டும். அதற்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சி மாணவருக்கான லைசென்ஸை 16 வயதிலேயே வாங்கலாம். பனிரெண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். வேறு பிரிவு படித்தவர்கள் தேசியத் திறந்தவெளிப் பள்ளி மூலம் இந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதித் தேறலாம்.

அடுத்தது உடல் சோதனை. முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். கண்ணாடி போட்டவனுக்கு விமானம் கிடையாது என்று கிராமத்தில் சொல்வார்கள். அது தவறு. கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் போதும். நிறம் பிரித்தறியும் கண் மட்டும் பழுதில்லாமல் இருக்க வேண்டும்.

பிறகு எழுத்துத் தேர்வுகள். வான் சட்ட விதிகள், வழி கண்டறிதல், வானிலை, விமானத் தொழில்நுட்பம் ஆகிய ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 வாங்கினால்தான் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்குத் தனித் தேர்வு, ஆங்கிலத்தில் பேசிப் புரிந்துகொள்ளும் தகுதிக்குத் தனிச் சோதனை.

கடைசியாக, 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். 300 கடல்மைல் தூரம் சென்று வேறு இரண்டு விமானத் தளங்களில் இறங்கிக் காட்ட வேண்டும். இரவிலும் ஏறி இறங்க வேண்டும். கேப்டனாக உயர வேண்டுமானால் வேறொரு லைசென்ஸ். அதற்கு வயது 21, பறந்த நேரம் 1,500 மணி.

இந்த விதிகளில் எதையாவது நாம் குறை சொல்கிறோமா? இல்லவே இல்லை! நூற்றுக்கணக்கான உயிர்களைத் தூக்கிக்கொண்டு பறக்கிறவன் கண், காது, இதயம் சரியாக இருக்க வேண்டும். கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை பழகியிருக்க வேண்டும். ஸ்பின்னிங் மிஷினில் நிற்கிற தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழகாத கை யந்திரத்தில் பட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். எனவே விதி கண்டிப்பாகவே இருக்கட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை விதிகளில் "தகப்பன் சொத்து இவ்வளவு இருக்க வேண்டும்" என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இல்லை. எழுதாத அந்த விதிதான் எல்லா விதிகளையும்விடக் கொடிய விதி!

பணம் என்ன கேட்கிறது?

பயிற்சி விமானத்தில் ஒரு மணி நேரம் பறக்கக் கட்டணம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவதில்லை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த தினக் கூலி 336 ரூபாய். முப்பது நாள் வெயிலில் மண் வெட்டினால் 10,080 ரூபாய். அதாவது, கண்மாய்க் கரையில் ஒரு மாதம் முழுக்க மண் சுமக்கும் தாய், தன் மகளை ஒரே ஒரு மணி நேரம் பறக்கவைக்கலாம். சட்டம் கேட்பதோ 200 மணி நேரம்!

பறக்கும் கட்டணம் மட்டுமா? பாடம், விடுதி, தேர்வு, மருத்துவம் என்று எல்லாம் சேர்த்தால் லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் அரைக் கோடி ரூபாய் கரைந்துவிடும். அதோடு முடிந்ததா? லைசென்ஸ் வாங்கியவன் சிறு விமானத்தைத்தான் ஓட்டிப் பழகியிருக்கிறான். கம்பெனிகள் ஓட்டும் பெரிய ஜெட் விமானத்தில் உட்கார வேண்டுமானால் அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு மேலும் பத்து, இருபது லட்சம். கம்பெனிகளே நடத்தும் பயிற்சித் திட்டங்களில் சில, மொத்தத்தில் ஒரு கோடியைத் தொட்டு நிற்கின்றன.

குறைத்தே கணக்கிட்டு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 336 ரூபாய் கூலியில் 60 லட்சம் சேர்க்க 17,857 நாள் வேலை செய்ய வேண்டும். ஆண்டுக்கு நூறு நாள் வேலை என்றால் 178 ஆண்டு! அதுவும் ஒரு வேளைக் கஞ்சிகூடக் குடிக்காமல்! ஒரு விவசாயக் கூலி தன் பிள்ளையை விமானியாக்க அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

"வங்கிக் கடன் இருக்கிறதே" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பொதுவாகப் பிணை கேட்கிறது. வீடும் நிலமும் உள்ளவனுக்குத்தான் பிணை. பிணை இருக்கிறவனுக்கும் வட்டி இருக்கிறது. வட்டி என்றால் என்னவென்று செட்டிநாட்டுச் சீமைக்காரர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பர்மாவரை போய் வட்டிக் கணக்கு எழுதிய மண் இது. 60 லட்சத்துக்குப் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 6 லட்சம், மாதம் 50,000. அசலில் ஒரு பைசா குறையாமல், வட்டி மட்டும் இவ்வளவு!

சர்க்கார் நடத்தும் பள்ளி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்ச் என்ற ஊரில் 1980களில் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியப் பறத்தல் கழகம் மத்திய சர்க்காருடையது. இட ஒதுக்கீடும் உண்டு. ஆனால் கட்டணம்? நாற்பது லட்சத்துக்கு மேல்! இடம் ஒதுக்கினோம் என்று பெயர். அந்த இடத்தில் உட்கார நாற்பது லட்சம். இதற்குப் பெயர் சமூக நீதியா, கண்துடைப்பா?

ஒரு உதவி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். தாழ்த்தப்பட்ட சமூக மாணவர்களுக்கான மத்திய சர்க்காரின் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்பு உதவித் தொகைத் திட்டத்தில் வர்த்தக விமானி லைசென்ஸ் படிப்பும் பட்டியலில் இருக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் சேரிகளில் எத்தனை வீட்டுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்கிறது? சாராயக் கடை திறக்கும் நேரம் எல்லோருக்கும் தெரிகிறது. பிள்ளை பறக்க வழி இருக்கிறது என்பதை மட்டும் யாரும் தண்டோரா போடுவதில்லை!

சம்பளத்தின் மறுபக்கம்

விமானியின் சம்பளம் பெரிது என்பதை நாம் மறுக்கவில்லை. துணை விமானிக்கு மாதம் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று தொடங்குகிறது. பெரிய கம்பெனிகளில் கேப்டனுக்கு ஐந்து லட்சத்துக்கு மேலும் போகிறது. உழைத்துப் பெறும் கூலி அது. அதைப் பார்த்து நாம் பொறாமைப்படவில்லை.

ஆனால் விளம்பரக்காரன் சொல்லாமல் மறைப்பது என்ன? லைசென்ஸ் கையில் இருந்தால் வேலை கையில் இருக்கிறது என்று பொருளல்ல. 2023ஆம் ஆண்டில் மட்டும் டி.ஜி.சி.ஏ. 1,622 வர்த்தக லைசென்ஸ்களைக் கொடுத்தது. வேலை கொடுக்கும் கம்பெனிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர்கள் கதவைத் திறந்தால் உள்ளே போகலாம். மூடினால் லைசென்ஸைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு வட்டி கட்ட வேண்டியதுதான்.

கம்பெனியே கவிழ்ந்தால்? 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. கிங்ஃபிஷரிலும் ஜெட்டிலும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் விமானிகளும் மெக்கானிக்குகளும் பணிப்பெண்களும் தெருவில் நின்று கோஷம் போட்டார்கள். சம்பள பாக்கிக்காக மில் வாசலில் நிற்கும் நம் தோழனுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? சட்டையின் நிறம்தான் வித்தியாசம்!

உடல் கெட்டால்? மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இதயத்திலோ கண்ணிலோ ஒரு கோளாறு வந்தால் அன்றோடு தரையில்தான். கம்பெனி பிடிக்கவில்லை, வேறிடம் போகலாம் என்றால்? 2017இல் கொண்டுவந்த விதிப்படி துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருஷமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பண்ணையாள் பண்ணையை விட்டுப் போக முடியாத காலம் நம் பாட்டன்மாருக்குத் தெரியும். அந்தப் பழைய சங்கிலிக்கு இங்கே தங்க முலாம் பூசியிருக்கிறார்கள்.

மெழுகு உருகிய கதை

லைசென்ஸ் கேட்டு வரும் பிள்ளையிடம் சட்டம் இரும்பாக நிற்பதைப் பார்த்தோம். 200 மணி என்றால் 199 மணிக்கு லைசென்ஸ் கிடையாது. நூற்றுக்கு 70 என்றால் 69க்குத் தேர்ச்சி கிடையாது. சரி. அதே சட்டம் விமானக் கம்பெனியிடம் எப்படி நடந்துகொண்டது?

தூக்கமில்லாத விமானி ஆபத்தானவன். இதை உலகமே ஒப்புக்கொள்கிறது. எனவே 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. ஓய்வு விதியைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவில் இறக்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதே ஆண்டு ஜூன் 1ஆம் தேதி அமலாக வேண்டும். கம்பெனிகள் ஆட்சேபித்தன, சர்க்கார் தள்ளிவைத்தது. விமானிகளின் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட் படியேறிய பிறகுதான் 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக விதி அமலுக்கு வந்தது.

தயாராவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவகாசம்! நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனியான இண்டிகோ அதற்குள் போதுமான ஆட்களை எடுத்ததா? விளைவு என்ன? 2025 டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்து! மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் விமான நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு தவித்தார்கள்.

அப்போது சர்க்கார் என்ன செய்தது? இரவு வேலை விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குக் கொடுத்தது. விடுப்பு நாளை வார ஓய்வாகக் கணக்கு வைக்கக் கூடாது என்ற ஷரத்தையும் வாபஸ் வாங்கியது. அதாவது ஆள் எடுக்காத கம்பெனிக்குச் சலுகை. தூக்கம் கேட்ட தொழிலாளிக்கு "பொறு" என்ற உபதேசம்! அபராதம் போட்டார்களே என்பார்கள். போட்டார்கள். 2026 ஜனவரியில் 22 கோடியே 20 லட்சம் ரூபாய். 2024–25ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனியின் நிகர லாபம் 7,258 கோடி. ஒரு நாளைக்குச் சராசரி லாபம் சுமார் 20 கோடி. ஆக அபராதம் எவ்வளவு? ஒரு நாள் லாபமும் கொஞ்சம் சில்லறையும்! ஒரு ஷிப்டுக்கு வராத மில் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. மூன்று லட்சம் பேரைத் தவிக்கவிட்ட கம்பெனிக்கும் அதே தண்டனைதான்.

இரும்புக் கதவு எது, மெழுகுக் கதவு எது என்பது இப்போது விளங்குகிறதா, தோழர்களே?

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதுக் கதையல்ல. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்று நாளில் அதை நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். தரையில் நடந்தாலும் வானில் நடந்தாலும் சண்டை ஒன்றுதான். தொழிலாளியின் தூக்கத்தைத் திருடி லாபம் சேர்க்கப் பார்க்கிறான் முதலாளி. விமானியின் வார ஓய்வைக் கைவைக்க விட்டால், நாளை நூற்பாலையின் வார ஓய்வு மட்டும் மிஞ்சுமா?

விடை நம் மண்ணில் இருக்கிறது

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பைச் சர்க்கார் கொடுக்க முடியுமா? முடியும் என்று காரைக்குடி மண்ணே சாட்சி சொல்கிறது.

கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில் குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியே நடத்தினார். செல்வம் இருந்தது, பறந்தார். அவரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகும் செல்வம் இருந்தால்தான் பறக்கலாம் என்றால், சுதந்திரம் வந்து யாருக்கு என்ன மாறியது?

அதே அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் எழுந்தது. 1952இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி இன்று சர்க்கார் கல்லூரி. கூலி வீட்டுப் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் அங்கே இஞ்சினீயராகிறார்கள். இஞ்சினீயர் படிப்பும் ஒரு காலத்தில் பெரிய வீட்டுச் சொத்தாகத்தான் இருந்தது. சர்க்கார் கல்லூரி வந்தது, கதவு திறந்தது. விமானத்தைக் கட்டும் படிப்பைச் சர்க்கார் கொடுக்கலாம், ஓட்டும் படிப்பைக் கொடுக்க முடியாதா?

இடம் இல்லையா? இருக்கிறது! கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் விமானத் தளம் அமைத்தது. கால்நடைப் பண்ணையை ஒட்டிய அந்தப் பழைய ஓடுதளம் போர் முடிந்தபின் பயனற்றுக் கிடக்கிறது. யுத்தம் என்றவுடன் இந்த வறண்ட சீமையில் விமானத்துக்கு வழி பிறந்தது. பிள்ளைகளின் படிப்பு என்றால் மட்டும் வழி பிறக்காதா?

ஆட்சியாளர்களின் யோசனையோ வேறு திசையில் ஓடுகிறது. 1953இல் சட்டம் போட்டு விமானக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். ஏர் இந்தியாவை 2022 ஜனவரி 27ஆம் தேதி டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். பொதுத்துறைப் பஞ்சாலைகளின் கதியும் நமக்குத் தெரிந்ததே. காளையார்கோவில் காளீஸ்வரர் மில் உள்பட என்.டி.சி. மில்களின் ஓட்டம் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றது. பொதுச் சொத்தை விற்பது, மூடுவது, பிறகு "சர்க்காரிடம் பணமில்லை" என்று கையை விரிப்பது. இந்தப் பாட்டை எத்தனை நாள் கேட்பது?

நாம் கேட்பது என்ன?

விதிகளைத் தளர்த்தச் சொல்லவில்லை. தகுதியில் ஒரு மணி நேரம், ஒரு மார்க் குறைக்கச் சொல்லவில்லை. பணத்தின் பூட்டை உடைக்கச் சொல்கிறோம்.

ஒன்று: சர்க்கார் பொறியியல் கல்லூரியைப் போல, சர்க்கார் கட்டணத்தில், இட ஒதுக்கீட்டோடு தமிழ்நாட்டில் விமானப் பயிற்சிப் பள்ளி வேண்டும். செட்டிநாட்டு ஓடுதளத்தை அதற்குப் பரிசீலிக்க வேண்டும். அந்த நிலத்தில் மேய்ச்சலையும் பண்ணை வேலையையும் நம்பி வாழ்பவரின் பிழைப்புக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே அங்கே மண்வெட்டி விழ வேண்டும்.

இரண்டு: கம்பெனி ஓட்டும் விமானத்துக்குக் கம்பெனிதான் பழக்க வேண்டும். புதுத் தறி வாங்கிய முதலாளி, தறி பழகும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டுவானா? ரகப் பயிற்சிச் செலவு கம்பெனியுடையது என்று சட்டம் வர வேண்டும்.

மூன்று: ஓய்வு விதியில் எந்தக் கம்பெனிக்கும் விலக்குக் கூடாது. ஆள் இல்லையென்றால் விமானத்தைக் குறை, ஓய்வைக் குறைக்காதே!

நான்கு: இருக்கிற உதவித் தொகைகளை ஒவ்வொரு சர்க்கார் மேல்நிலைப் பள்ளியிலும் பலகையில் எழுதிப் போட வேண்டும். பௌதிக, கணித ஆசிரியர் இல்லாத பள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இது பேராசையா? "கூலிக்காரன் பிள்ளைக்கு விமானமா?" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கூலிக்காரன் பிள்ளை பள்ளிக்கூடம் போனபோதும் சிரித்தார்கள், டாக்டரானபோதும் சிரித்தார்கள். ஓடுபாதைக்குக் கல் உடைப்பவன் நம் ஆள். விமானத்துக்குள் குப்பை கூட்டுபவள் நம் ஆள். மூட்டை ஏற்றுபவன் நம் ஆள். முன்னால் இருக்கும் அந்த இரண்டு நாற்காலி மட்டும் நமக்கு ஆகாதா?

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புரோக்கர் பேச்சை நம்பி இருக்கிற குழி நிலத்தையும் தாலிக் கொடியையும் அடகு வைத்துவிடாதீர்கள். பணம் கட்டுமுன் பிள்ளையின் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடியுங்கள். அந்தப் பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் உண்டா, ஓடும் நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சங்கத்துக்கு வாருங்கள். கூடி உட்கார்ந்து விசாரிப்போம்.

தனித்தனியாக நிலத்தை விற்று ஒரு பிள்ளையைப் பறக்கவிடுவது வழியல்ல. ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டுவோம். மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இந்தக் கேள்வியை எழுப்புவோம். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் முதலில் இதைக் கேட்போம்: எங்கள் பிள்ளைக்குச் சர்க்கார் விமானப் பள்ளி எப்போது?

வானம் எவன் வீட்டுப் பட்டா நிலமும் அல்ல!